இயக்கங்கள் இணைகிறதோ இல்லையோ, மையவாடிக்கு ஒரு சாவி போதும்

"இயக்கமெல்லாம் ஒண்ணாச் சேர்ந்தா என்ன?" என்று, பிரிந்து கிடக்கும் முஸ்லிம் இயக்கங்களைப் பற்றிய கேள்வி எங்கள் ஊரில் ரமழான் மாதத்தில்தான் அதிகம் கேட்கும். ரமழான் இரவுத் தொழுகையான தராவீஹை எட்டு ரக்அத் தொழுதவர்கள் முதலில் டீக்கடைக்கு வந்துவிடுவார்கள். இருபது தொழுதவர்கள் பின்னால் வருவார்கள். உட்காரும் பெஞ்சு ஒன்றுதான். கேட்பவர்கள் உண்மையான ஆசையோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பேச்சு முடியும்போது, "அவங்க திருந்தினா எல்லாம் சரியாப் போயிடும்" என்றுதான் பெரும்பாலும் முடியும். இரண்டு தரப்பிலும் இதே வசனம்.

நான் மார்க்கம் படித்த ஆலிம் இல்லை, மேடைப் பேச்சாளனும் இல்லை. கணக்கு எழுதத் தெரியும் என்பதால் பொருளாளர் வேலை எப்போதும் என் தலையில்தான் விழும். இயக்கம் பிரியாத காலத்தில் கிளைப் பொருளாளர், பிறகு ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாகமான மஹல்லா ஜமாஅத்தில் கணக்கு, கடைசியில் இரண்டு தரப்பும் சேர்ந்து போட்ட பொதுக் குழுவிலும் அதே வேலை. அதனால் பிளவையும் சமரசத்தையும் ரசீதுப் புத்தகத்தின் பக்கத்திலிருந்துதான் பார்த்திருக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் சில விஷயங்கள் மேடையில் தெரிவதைவிடத் தெளிவாகத் தெரிகின்றன.

மாநில அளவில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 1995-ல் தமிழ்நாடு முஸ்லிம் முன்னேற்றக் கழகம் தொடங்கியபோது, தர்காவுக்குப் போகிறவரும் போகக் கூடாது என்பவரும் ஒரே கொடியின் கீழ் நின்றார்கள். 2004-ல் தமிழ்நாடு தவ்ஹீத் ஜமாஅத் தனியாக வந்தது. 2009-ல் மனிதநேய மக்கள் கட்சி. அதிலிருந்து 2016-ல் மனிதநேய ஜனநாயகக் கட்சி. செய்தித்தாளில் இவை ஒவ்வொன்றும் ஒரு பத்தி. ஊருக்குள் வரும்போதுதான் அதற்குக் கையும் காலும் முளைக்கும்.

எங்கள் கிளை பிரிந்த இரவு பேசியது கொள்கையைப் பற்றி என்று நினைத்தால் ஏமாற்றம்தான். பிளாஸ்டிக் நாற்காலிகள், மைக் செட், இரும்பு பீரோ, அலுவலகத்துக்குக் கொடுத்த முன்பணம், இவற்றைப் பற்றித்தான் நள்ளிரவு வரை பேசினோம். ஆம்புலன்ஸ் வாங்க நன்கொடை கொடுத்தது ஊர் முழுக்க. ஆர்.சி. புத்தகமோ தனி ஒருவர் பெயரில் இருந்தது. அவர் எந்தப் பக்கம் போனாரோ வண்டியும் அந்தப் பக்கம் போனது. இரத்தக் கொடையாளர்களின் பெயரும் குரூப்பும் எழுதிய நோட்டு ஒன்றைத்தான் சண்டையில்லாமல் பிரிக்க முடிந்தது. ஜெராக்ஸ் எடுத்து ஆளுக்கு ஒன்று வைத்துக்கொண்டோம். தொழுகையில் விரலசைப்பதா, தொப்பி போடுவதா என்பதெல்லாம் அடுத்த வெள்ளிக்கிழமை மேடையில்தான் வந்தன.

இதை யாரையும் மட்டம் தட்டுவதற்காகச் சொல்லவில்லை. கொள்கை வேறுபாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் சமரசத்துக்கு உட்காரும்போது எதைப் பற்றிப் பேசுவது என்று முடிவுசெய்ய இது உதவும். கொள்கையை எடுத்து மேசையில் வைத்தால் அது முனாழரா, அதாவது மார்க்க வாதப் போட்டி ஆகிவிடும். இரண்டு பக்கமும் கிதாப் அடுக்கிக்கொண்டு வந்து, எழுந்து போகும்போது முன்பைவிட அதிகக் கோபத்தோடு போவார்கள். சொத்து, சாவி, பட்டியல், நேரம் என்று எடுத்து வைத்தால் பேச முடிகிறது.

கருத்து வேறுபாடு இருந்தாலே பிளவுதான் என்று சொல்கிறவர்களுக்கு எங்கள் பள்ளிவாசலையே காட்டுவேன். எங்கள் கடற்கரைப் பக்கம் ஷாஃபி மத்ஹப், அதாவது ஷாஃபி சட்டப் பிரிவு. உள்நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் ஹனஃபி. மாலைத் தொழுகையான அஸரின் வக்து எப்போது ஆரம்பிக்கிறது என்பதிலேயே இரண்டு மத்ஹபுக்கும் வேறுபாடு. அதிகாலைத் தொழுகையான ஸுப்ஹில் இமாம் குனூத் துஆ ஓதும்போது ஷாஃபிகள் கையேந்துவார்கள், பக்கத்தில் நிற்கும் ஹனஃபி கையைத் தொங்கவிட்டு அமைதியாக நிற்பார். பல தலைமுறையாக இப்படியே தோளோடு தோள் நின்றிருக்கிறோம். அதற்காக யாரும் தனிப் பள்ளி கட்டவில்லை. பெண் கொடுத்து எடுப்பதும் நின்றதில்லை. வேறுபாட்டோடு வாழ எங்களுக்குப் புதிதாக யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஏற்கெனவே தெரிந்த வித்தையைப் புதிய வேறுபாட்டுக்குப் பயன்படுத்த மறுக்கிறோம், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் சமரசப் பேச்சு தொடங்கியது, மைய்யித்தை அடக்கம் செய்யும் மையவாடியின் வாசலில். தர்காவுக்குப் போகக் கூடாது என்னும் தவ்ஹீத்காரர்களின் தொழுமிடமான மர்கஸ் பக்கம் போனவர்கள் ஜமாஅத்துக்குச் சந்தா கொடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். மையவாடி கேட்டின் சாவி பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார் வசம். ஒரு மூதாட்டி மௌத்தானார். மூத்த மகன் ஜமாஅத் நிர்வாகத்தில், இளையவர் மர்கஸில். இளையவர் சாவி கேட்கப் போனபோது, அலுவலகத்தில் இருந்த ஒருவர் "சந்தா பாக்கியை எழுதிக் கொடுத்துட்டு வாங்கிக்கங்க" என்றார். சொன்னவரின் வயது அதிகபட்சம் இருபத்தைந்து இருக்கும். அந்த உம்மாவிடம் ஓதப் படித்த பிள்ளைகள் ஊரில் பாதிப்பேர்.

விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்து, ஜனாஸா தொழுகையை யார் நடத்துவது என்ற கேள்வி. ஊர் வழக்கப்படி இமாம்தான் என்று ஒரு கூட்டம். அவர் பின்னால் தொழ மாட்டோம் என்று இன்னொரு கூட்டம். மைய்யித்துக் கட்டில் முற்றத்தில் இருக்கிறது. பெண்கள் உள்ளே அழுவதை நிறுத்திவிட்டு வெளிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இமாம் ஹஸ்ரத்துதான் அதை முடித்துவைத்தார். "நம்ம ஷாஃபி கிதாபுலயே பிள்ளைகளுக்கு உரிமை இருக்கு. காக்கா சம்மதிச்சா தம்பி தொழ வைக்கட்டும், நான் பின்னால நிக்கிறேன்" என்றார். மூத்தவர் தம்பியின் கையைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். அடக்கம் முடிந்து கப்ரடியில் தல்கீன் ஓத ஆரம்பித்தபோது, அதை ஏற்காத மர்கஸ்காரர்கள் சத்தம் போடாமல் கேட் அருகே வந்து நின்றுகொண்டார்கள். யாருடைய கொள்கையும் மாறவில்லை. மைய்யித்து மரியாதையாகப் போய்ச் சேர்ந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் பொதுக் குழு என்ற பேச்சு எழுந்தது. அழைப்புக் கடிதம் எழுதும்போதே மாட்டிக்கொண்டோம். எந்த அமைப்பின் பெயர் முதலில்? யாருடைய லெட்டர்பேடு? "அனைத்து இயக்கங்கள்" என்று போட்டால் ஜமாஅத்தை இயக்கமாக்கிவிட்டீர்கள் என்று ஜமாஅத்துக்குக் கோபம். "ஜமாஅத் மற்றும் இயக்கங்கள்" என்று போட்டால் நாங்கள் 'மற்றும்' ஆகிவிட்டோமா என்று இவர்களுக்குக் கோபம். ஒரு கடிதத்துக்கே வாரக்கணக்கில் இழுத்தது.

ஹிஜ்ரி 6-ல், அதாவது பொது ஆண்டு 628-ல், ஹுதைபிய்யாவில் நபிக்கும் மக்கா குறைஷிகளுக்கும் இடையே நடந்த உடன்படிக்கையை எங்கள் குழுவில் இருந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர்தான் நினைவூட்டினார். உடன்படிக்கையில் "அல்லாஹ்வின் தூதர்" என்று எழுதியதை குறைஷிகளின் தூதர் ஏற்கவில்லை. அதை எழுதிய அலி (ரலி) அழிக்க மறுத்தார்கள். நபி (ஸல்) அவர்களே அதை நீக்கச் செய்து "முஹம்மது பின் அப்துல்லாஹ்" என்று எழுத வைத்தார்கள். "அந்தப் பட்டத்தையே விட்டுக் கொடுத்திருக்காங்க, நமக்கு லெட்டர்பேடு பெருசா?" என்று சார் கேட்டதும் அறை அமைதியானது. வெள்ளைத்தாளில் ஊர் பெயரை மட்டும் போட்டோம். கையெழுத்திட்டவர்கள் பெயரோடு தெருப் பெயர் மட்டும், பதவி கிடையாது. இன்றுவரை அந்தக் குழுவுக்குப் பெயரே இல்லை. பெயர் இல்லாததால் பிளக்கவும் வழியில்லை என்று கேலி செய்வார்கள்.

இன்னொரு ஏற்பாடும் செய்தோம். சண்டையில் யார் பெயர் அடிபட்டதோ, அந்த இரண்டு தலைவர்களும் குழுவில் இல்லை. அவர்களுக்கு அடுத்த நிலையில் இருந்தவர்கள் உட்கார்ந்தார்கள். மேடையில் பேசியதைத் திரும்பப் பெறுவது யாருக்கும் கஷ்டம். பேசாதவருக்கு அந்தச் சுமை இல்லை. ஹிஜ்ரி 41-ல் நபியின் பேரர் ஹஸன் (ரலி) அவர்கள் ஆட்சித் தலைமையான கிலாபத்தையே முஆவியா (ரலி) அவர்களிடம் விட்டுக் கொடுத்து விலகியதால்தான் அந்த ஆண்டுக்கு ஒற்றுமை ஆண்டு என்று பெயர் வந்தது. எங்கள் தலைவர்களிடம் கேட்டது ஒரு கமிட்டி நாற்காலிதான். அதற்கே நிறைய நடை நடக்க வேண்டியிருந்தது.

அந்தத் தூது நடைதான் என் வேலையாக இருந்தது. இவர் சொன்னதில் நல்லதை மட்டும் அவரிடம் கொண்டு போவேன், அவர் சொன்னதில் நல்லதை மட்டும் இவரிடம். ஒருவர் "அவன் கணக்குல கை வைக்க மாட்டான், அது மட்டும் உண்மை, மத்தபடி..." என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் திட்டினார். நான் போய் "மச்சான், உங்க கணக்குச் சுத்தத்தைப் பத்தி அவரே சொல்றாரு" என்றேன். மிச்சம் என்னோடு போயிற்று. சமாதானம் செய்பவர் நல்லதை எடுத்துச் சொன்னால் அவர் பொய்யர் ஆகமாட்டார் என்று புகாரியில் ஹதீஸ் இருக்கிறது. அதைத் தாராளமாகப் பயன்படுத்திக்கொண்டேன்.

முதலில் கையில் எடுத்தது நோன்புப் பெருநாள் தர்மமான பித்ரா. ஒருவருக்கு ஒரு ஸாஉ, ஏறக்குறைய இரண்டரை கிலோ அரிசி, பெருநாள் தொழுகைக்கு முன்பே ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். ஊரில் மூன்று இடத்தில் வசூல் நடந்தது. பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் இருந்த விதவைகளுக்கு மூன்று பை அரிசியும் வரும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் வாடகைக்கு வந்த குடும்பங்களுக்கு ஒன்றும் வராது. எங்கே வாங்கினாய் என்று இன்னொரு தரப்பு விசாரிப்பது வேறு நடந்தது. ஏழைக்கு அது பெரிய தண்டனை.

வசூலை ஒன்றாக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் நான் வேண்டாம் என்றேன். பணத்தை ஒன்றாக்கினால் முதல் ரசீதிலேயே சந்தேகம் வரும். பட்டியலை மட்டும் ஒன்றாக்கினோம். ஒவ்வொரு தரப்பும் தன் வசூலைத் தானே வைத்துக்கொள்ளும், தெருக்களை மட்டும் பிரித்துக்கொள்ளும். அரிசியாகக் கொடுக்கிறவர் அரிசியாகவும் காசாகக் கொடுக்கலாம் என்பவர் காசாகவும் கொடுக்கலாம். பட்டியல் ஒரே நோட்டில், கையால் எழுதியது. வாட்ஸப்பில் போடக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது. யார் ஏழை என்று ஊருக்கு அறிவிப்பதற்காக யாரும் பித்ரா வாங்கவில்லை. அந்த வருடம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கமும் பை போனது. எந்த ஒற்றுமை மாநாட்டைவிடவும் அந்த நோட்டு எங்களை நெருக்கியது என்று சொல்வேன்.

பெருநாள் எந்த நாள் என்று முடிவுசெய்யும் பிறை விஷயத்தில் எதுவும் நடக்கவில்லை, நடக்கும் என்றும் நான் எதிர்பார்க்கவில்லை. தலைமை காஜியின் அறிவிப்பை ஏற்பவர், உலகில் எங்கே பார்த்தாலும் போதும் என்பவர், கணக்கிட்டு முன்கூட்டியே நாள் குறிப்பவர் என்று மூவகை ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு. ஒரே வீட்டில் மகன் பெருநாள் சட்டையோடு நிற்க, உம்மா நோன்பு வைத்துக்கொண்டே அவனுக்குச் சோறு போட்ட காலையெல்லாம் பார்த்திருக்கிறேன். இதைத் தீர்க்க முயன்று இரண்டு கூட்டம் வீணாயிற்று. பிறகு விட்டுவிட்டு, முந்திய நாள் கொண்டாடுபவர்கள் வெளி ஒலிபெருக்கி போடுவதில்லை, மறுநாள் கொண்டாடுபவர்கள் அவர்களைப் பற்றி பயான் செய்வதில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டோம். தீராத விஷயத்தைத் தீராதது என்று எழுதி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போவதும் சமரசத்தில் ஒரு வேலைதான். ஆரம்பத்திலேயே பிறையை எடுத்திருந்தால் இந்தக் குழு முதல் மாதத்திலேயே கலைந்திருக்கும்.

திருமணத்தில் கொஞ்சம் முன்னேறினோம். வெளியூர் ஜமாஅத்துகள் மாப்பிள்ளை ஊர்க் கடிதம் கேட்கும். மர்கஸ் பையன்களுக்குக் கடிதம் கிடைக்காமல் நிக்காஹ் தள்ளிப்போனது உண்டு. இப்போது யார் கேட்டாலும் ஜமாஅத் கடிதம் கொடுக்கிறது. மர்கஸில் நடக்கும் நிக்காஹும் ஜமாஅத் தப்தரில் பதிவாகிறது. பதிலுக்கு அவர்கள் சந்தா கட்டத் தொடங்கினார்கள். வரதட்சணை வாங்கிய திருமணத்துக்கு இரு தரப்பு நிர்வாகிகளும் போவதில்லை என்றும் முடிவானது. இது மர்கஸ்காரர்கள் பல வருடமாகச் சொல்லிவந்தது. ஜமாஅத் அதை ஏற்றுக்கொண்டது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிளவால் கெடுதல் மட்டும்தான் நடந்தது என்று என்னால் சொல்ல முடியாது. போட்டி வந்த பிறகுதான் இரத்த தானம் பெருகியது, இரண்டாவது ஆம்புலன்ஸ் வந்தது, பெண்கள் தொழ இடம் ஒதுக்கப்பட்டது. பழைய நிர்வாகம் கணக்கை நோட்டீஸ் பலகையில் ஒட்ட ஆரம்பித்ததும் எதிர்த்தரப்புக்குப் பயந்துதான். எல்லோரும் ஒரே அமைப்பில் இருந்தால் கேள்வி கேட்க ஆள் இருக்காது என்பது என் சந்தேகம். அதனால்தான் முழு இணைப்பு என்ற கனவில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை.

மேலிருந்து இணைப்பதில் என்ன நடக்கும் என்பதற்குக் கேரளம் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே தவ்ஹீத் வழியிலான முஜாஹித் இயக்கம் 2002-ல் பிளந்தது. 2016 டிசம்பரில் கோழிக்கோட்டில் பெரிய விழா வைத்து இணைந்தது. எங்கள் ஊரில் அந்தச் செய்தியைப் பார்த்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. ஆனால் சில ஆண்டுகளுக்குள் ஒரு பகுதியினர் மீண்டும் தனியாகப் போனார்கள். இன்னொரு பக்கம், பாரம்பரிய சுன்னி ஆலிம்களுக்காக 1926-ல் தொடங்கிய சமஸ்தா உலமா சபை 1989-ல் இரண்டானது. இன்றும் அது இரண்டாகவே இருக்கிறது.

நம் மாநிலத்தில் மேடை ஒற்றுமைக்குக் குறைவில்லை. 2020 பிப்ரவரியில் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சென்னையில் நடந்த பேரணிக்குப் பல அமைப்புகள் கூட்டமைப்பாகத்தான் அழைத்தன. நானும் போயிருந்தேன். பிளந்த கிளையின் பழைய ஆட்கள் ஒரே வேனில் போனோம், அது எங்களுக்கு வெகுநாள் கழித்து வாய்த்தது. ஆனால் ஆபத்து வரும்போது கூடுகிற கூட்டம் ஆபத்து விலகினால் கலைந்துவிடும். 2007-ல் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடஒதுக்கீடு வந்தபோது எங்கள் ஊர்ச் சுவரில் ஆளுக்கொரு நன்றிப் போஸ்டர், ஒவ்வொன்றிலும் சாதித்தது வேறு வேறு ஆள். வெற்றி வந்த அன்றுதான் பிரிவு அதிகம் தெரிந்தது.

மேடைக்குப் பின்னால் மாட்டும் பேனரில், அல்லாஹ்வின் கயிற்றைப் பற்றிப் பிடியுங்கள் என்ற வசனம் கட்டாயம் இருக்கும். சண்டையிடும் இரு கூட்டத்துக்கு இடையே நீதியோடு சமாதானம் செய்யச் சொல்லும், குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயத்தின் ஒன்பதாவது வசனத்தை நான் எந்தப் பேனரிலும் பார்த்ததில்லை. அதில் வேலை அதிகம்.

எங்கள் குழுவைக் கலைக்கப் பார்த்த பெரிய எதிரி மாற்றுக் கொள்கைக்காரர் அல்ல, போன். முதல் கூட்டத்தில் ஒருவர் கோபத்தில் சொன்ன ஒரு வரி, அவர் வீடு போய்ச் சேருமுன் குரல் பதிவாக துபாய் வரை போய்விட்டது. வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊர்ச் சண்டையை ஊர்க்காரர்களைவிட அதிக ஆவேசத்தோடு நடத்துவார்கள். அவர்களுக்கு அடுத்த நாள் பஜாரில் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அப்புறம் கூட்டத்துக்கு வருகிறவர்கள் போனை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்று ஆக்கினோம். முடிவை நான் நான்கைந்து வரியில் எழுதி எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன். எல்லோரும் சரி என்றால் அது மட்டும் வெளியே போகும். யார் என்ன பேசினார் என்பது போகாது. இருபது வருடத்துக்கு முந்தைய பேச்சின் வீடியோவைத் தூசி தட்டி அனுப்புகிறவர்களுக்கு யாரும் பதில் போடக் கூடாது என்பதும் ஒப்பந்தம். இதைக் கடைப்பிடிப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். இப்போதும் மீறல் நடக்கிறது.

நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. இணைப்பு விழா நடக்கும் என்ற நம்பிக்கை அல்ல. எங்கள் பிள்ளைகள் தலைமுறைக்கு யார் எந்த வருடம் பிரிந்தார் என்பது தெரியவில்லை, தெரிந்துகொள்ள ஆர்வமும் இல்லை. அவர்கள் எட்டு தொழுவதும் இருபது தொழுவதும் அன்றைய களைப்பைப் பொறுத்தது. பழைய ஆட்களான எங்களுக்கு இது கொஞ்சம் கஷ்டமாகக்கூட இருக்கிறது. இவ்வளவு சண்டை போட்டது எதற்காக என்று அவர்களுக்குச் சொல்லவே ஒரு மணி நேரம் ஆகிறது.

மையவாடிச் சாவி இப்போது பள்ளிவாசலிலும் இல்லை, மர்கஸிலும் இல்லை. கேட்டுக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கும் ராத்தாவிடம் இருக்கிறது. சந்தா பற்றி யாரும் கேட்கக் கூடாது, தொழுகை நடத்துவதும் தல்கீன் ஓதுவதும் மைய்யித்து வீட்டார் விருப்பம் என்று எழுதிய தாள் ஒன்று அவர் கல்லாவில் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. போன மழையில் மையவாடியின் தெற்குச் சுவர் இடிந்துவிட்டது. கட்டுவதற்கு மூன்று கொத்தனார்களிடம் மதிப்பீடு வாங்கியிருக்கிறேன். எந்தக் கொத்தனார் எந்த இயக்கம் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்பார்கள்.